ஒரே கேள்வி, இரண்டு பதில்: மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும் வேலை

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், ஊசியோடு மஞ்சள் நிறத் திரவம் ஒன்றையும் ஊட்டி அனுப்புவார்கள். ஊட்டும் ஸ்பூனில் பாதியில் ஒரு கோடு இருக்கும். முதல் தடவை அந்தக் கோடு வரைக்கும்தான்: 1 மில்லி, அதாவது 1 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஸ்பூன், 2 லட்சம் யூனிட். ஐந்து வயதுக்குள் மொத்தம் 9 தடவை. மேலூரோ திருமங்கலமோ, பிள்ளை வளர்த்த வீடுகளில் இந்த ஸ்பூனைத் தெரியாதவர்கள் குறைவு.

வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளுக்குப் பார்வை போவதைத் தடுக்க 1970இல் இந்தியா தொடங்கிய திட்டம் இது. கண்ணுக்காக வந்த மருந்து. உயிரையும் காக்குமா என்ற கேள்வி பின்னால்தான் எழுந்தது. இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 1986இல் வெளியானது. மருந்து கொடுத்த ஊர்களில் குழந்தை இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதாக அது சொன்னது. இவ்வளவு மலிவான பொருளுக்கு இவ்வளவு பலனா என்று பலர் நம்பவில்லை. சரி, வேறு ஊர்களிலும் செய்து பார்ப்போம் என்று பல நாடுகளில் இறங்கினார்கள்.

அப்படி இறங்கியவர்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவின் குழுவும் ஒன்று. திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ. ஒரு குழந்தைக்கு வாரம் முழுக்கச் சாப்பாட்டிலிருந்து கிடைத்திருக்க வேண்டிய அளவு அது, அவ்வளவுதான். மறு பாதிக்கு அது இல்லாத திரவம். ஓராண்டு முடிவில் வைட்டமின் ஏ பெற்ற பக்கத்தில் இறப்பு 54 சதவீதம் குறைவு. 1990இல் இது வெளியானது. அதே ஆண்டில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வும் வந்தது. கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் குழந்தைகள், ஆனால் மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில். அங்கே இறப்பில் வித்தியாசமே இல்லை.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வைட்டமின். ஒன்று பாதிக்கு மேல் குறைகிறது என்கிறது, இன்னொன்று ஒன்றுமே இல்லை என்கிறது. அரசாங்கம் எதை நம்பும்?

பழைய முறைப்படி, துறையில் பெயர் பெற்ற பேராசிரியர் ஒருவரை அழைத்து எழுதச் சொல்வார்கள். தனக்குத் தெரிந்த, தனக்குப் பிடித்த ஆய்வுகளை அவர் மேற்கோள் காட்டி ஒரு கட்டுரை எழுதுவார். திருச்சி ஆய்வு பிடித்தவர் அதை முதலில் சொல்வார். ஹைதராபாத் பிடித்தவர் திருச்சியை அடிக்குறிப்பில் தள்ளுவார். பொய் எதுவும் இருக்காது. ஆனால் எதைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவும் முடியாது. பாடப்புத்தகங்களில் பாதி இப்படித்தான் எழுதப்பட்டன.

இந்தப் பழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஆய்வுகள் எல்லாவற்றையும் துறைவாரியாகத் திரட்டி, சீர்தூக்கி, அவ்வப்போது புதுப்பித்து வைக்காதது மருத்துவத் தொழிலுக்கே பெரிய குறை என்று 1979இல் எழுதினார். அவர் 1988இல் காலமானார். அவர் பெயரில் காக்ரேன் அமைப்பு 1993இல் தொடங்கியது. முன்னின்றவர் இயன் சால்மர்ஸ். இன்று ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்று டாக்டர்கள் சொல்லும் முறைசார் மீளாய்வுக்கு உலகம் முழுவதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் காக்ரேன்தான். தென்னாசியாவுக்கான அதன் மையம் வேலூர் சி.எம்.சி.யில் அமைந்தது.

அப்படி என்ன முறை? கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். எந்த வயதுக் குழந்தைகள், எந்த மருந்து, எதோடு ஒப்பீடு, எந்தப் பலனை அளக்கப் போகிறோம், எந்த மாதிரி ஆய்வுகளைச் சேர்ப்போம் என்று எல்லாவற்றையும். இதைப் பொதுவில் பதிவு செய்ய 2011 முதல் ப்ராஸ்பெரோ என்ற பதிவேடு இருக்கிறது. முடிவுகளைப் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாகக் கேள்வியை வளைக்காமல் இருக்கத்தான் இந்தப் பதிவு. மனுஷன் தன்னையறியாமல் செய்துவிடக்கூடிய காரியம் அது. பிறகு தேடல். பல தரவுத்தளங்கள், பல மொழிகள். என்ன சொற்களைப் போட்டுத் தேடினார்கள், எந்தத் தேதி வரை தேடினார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் தலைப்புகள் வந்து விழும். அவற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் கழிப்பார்கள். ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் கழித்திருந்தால் பேசித் தீர்க்க வேண்டும், அல்லது மூன்றாமவரிடம் போக வேண்டும். சலிப்பான வேலை. உட்கார்ந்து செய்தவர்களைக் கேட்டால் தெரியும். இந்த வேலையின் உயிர் அந்தச் சலிப்பில்தான் இருக்கிறது என்பேன்.

மிஞ்சிய ஆய்வுகளை அப்புறம் துருவுவார்கள். குலுக்கல் நிஜமாகவே குலுக்கலா? யாருக்கு எந்த மருந்து என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா? நடுவில் விலகியவர்கள் எத்தனை பேர், ஏன்? கடைசியில்தான் கணக்கு.

அந்தக் கணக்கைக் காட்டும் படத்தை ஒருமுறை பார்க்கப் பழகிவிட்டால் பாதி மீளாய்வு புரிந்துவிடும். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, ‘வித்தியாசம் இல்லை’ என்பதற்கு. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு வரி, அந்த வரியில் ஒரு சதுரம். ஆய்வின் எடை கூடக்கூட, சதுரம் பெரிசு. சதுரத்தின் இருபுறமும் நீளும் படுகோடு, நிச்சயமின்மை. கோடு நீளமாக இருந்தால் அந்த ஆய்வு தடுமாறுகிறது என்று அர்த்தம், அது நடுக்கோட்டைத் தொட்டால் பலன் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் சேர்த்த விடை அடியில் ஒரு வைர வடிவமாக உட்கார்ந்திருக்கும். கை தூக்கச் சொல்லி எத்தனை ஆய்வு ‘ஆமாம்’, எத்தனை ‘இல்லை’ என்று எண்ணுவது இதில் கிடையாது. இருபது பேரை வைத்துச் செய்த ஆய்வுக்கும் இருபதாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வுக்கும் ஒரே ஓட்டு கொடுத்தால் அது என்ன கணக்கு?

காக்ரேன் அமைப்பின் சின்னமே இந்தப் படம்தான். குறைப்பிரசவம் ஆகப்போகும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிய ஏழு ஆய்வுகள் அதில் இருக்கின்றன. குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே பழுக்க வைக்கும் மலிவான ஊசி அது. முதல் ஆய்வு நியூசிலாந்திலிருந்து 1972இல் வெளியானது. அடுத்தடுத்து வந்தவற்றில் பல தனியாகப் பார்த்தால் தெளிவில்லாதவை. சேர்த்துப் பார்த்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அப்படிச் சேர்த்துப் பார்த்த மீளாய்வு வெளியாக 1980களின் கடைசி ஆகிவிட்டது. அதுவரை பெரும்பாலான பிரசவ மருத்துவர்கள் அந்த ஊசியைப் போடவில்லை. விவரம் இல்லாமல் இல்லை, விவரம் சிதறிக் கிடந்தது.

சரி, வைட்டமின் ஏ விஷயத்துக்கு வருவோம். 1993இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இறப்பு சுமார் 23 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. திருச்சியின் 54ம் இல்லை, ஹைதராபாத்தின் சைபரும் இல்லை. 2010இல் வந்த காக்ரேன் மீளாய்வும் 24 சதவீதம் என்றது. உலக சுகாதார நிறுவனமும் நாடுகளும் நிம்மதியாக இருந்தன.

அப்புறம் 2013இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒரு பெரிய குண்டு விழுந்தது. டெவ்டா என்ற ஆய்வு அது. 10 லட்சம் குழந்தைகள். அதற்கு முன் இந்தக் கேள்விக்காக உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த அளவு இல்லை. அதில் இறப்பு குறைந்தது வெறும் 4 சதவீதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய 4. இதையும் சேர்த்து 2017இல் புதுப்பித்த காக்ரேன் மீளாய்வில் 24 சதவீதம் 12 ஆகச் சரிந்தது. ஒரே ஓர் ஆய்வு, விடையில் பாதியைத் தின்றுவிட்டது.

சண்டை அங்கேதான் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தில் அவ்வளவு குழந்தைகளுக்கு மருந்து உண்மையில் போய்ச் சேர்ந்ததா, கண்காணிப்பு சரியாக இருந்ததா என்று ஒரு தரப்பு கேட்டது. அரசு அமைப்பு வழியாகக் கொடுத்தால் நடைமுறையில் இப்படித்தான் இருக்கும், அதனால் இதுதான் நிஜம் என்று மறு தரப்பு சொன்னது. என் பார்வையில் இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். மருந்து உடம்புக்குள் போனால் வேலை செய்யுமா என்பது ஒன்று, திட்டமாகப் போட்டால் வேலை செய்யுமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வைரத்துக்குள் அடைத்தால் கிடைப்பது சராசரி. அந்தச் சராசரியில் யாருமே வாழ்வதில்லை. திருச்சியில் வாராவாரம் வீடு தேடிப்போய்ச் சிறு அளவு கொடுத்ததையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்ததையும் ஒன்றாக வைப்பது எவ்வளவு சரி என்பதும் அதே மாதிரிக் கேள்விதான்.

இந்தக் கதைக்கு இன்னொரு கிளையும் உண்டு, அதுவும் மதுரைக் குழுவிடமிருந்து தொடங்குவது. பிறந்த முதல் இரண்டு நாளிலேயே வைட்டமின் ஏ கொடுத்தால் என்ன? தமிழ்நாட்டுக் கிராமங்களில் 11,619 குழந்தைகளுக்கு இதைச் சோதித்து, ஆறு மாதத்துக்குள் இறப்பது 22 சதவீதம் குறைந்ததாக 2003இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்து மண்ணில், நம் குழந்தைகளிடம் கிடைத்த முடிவு. இதை உடனே திட்டமாக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஆப்பிரிக்காவில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஹரியானா, கானா, தான்சானியா மூன்று இடங்களிலும் பெரிய அளவில் செய்த ஆய்வுகளிலும் உறுதியான பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் வைரம் நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. நம் ஊர் ஸ்பூன் ஒன்பதாம் மாதம்தான் வெளியே வருகிறது.

2019இல் பதினொரு ஆய்வுகளின் மூலத்தரவை, குழந்தை குழந்தையாக எடுத்து மறுபடியும் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் தெற்காசியாவை மட்டும் பிரித்துப் பார்த்தால் இறப்பு குறைவது தெரிந்தது. தாய்மாருக்கே வைட்டமின் ஏ பற்றாக்குறை இருக்கும் இடங்களிலும் அப்படித்தான். அப்படியானால் மதுரைக்காரர்கள் சொன்னது சரியா? இருக்கலாம். இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் எங்கேயாவது ஒரு பலன் தட்டுப்படும் என்ற எச்சரிக்கையும் கூடவே வேண்டும். இந்த இடத்தில் உறுதியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

ஒரு மீளாய்வு எவ்வளவு கவனமாகச் செய்தாலும், கையில் கிடைக்காத ஆய்வைச் சேர்க்க முடியாது. மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஒவ்வொரு முதுநிலை மாணவரும் ஒரு தீசிஸ் செய்தாக வேண்டும். நோயாளிகளைத் திரட்டி, அளந்து, பைண்டிங் போட்டுச் சமர்ப்பிப்பார்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் அவை ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றில் பல எந்த மருத்துவ இதழிலும் வந்ததில்லை. புது மருந்து பழையதைவிட மேல் இல்லை என்று முடிந்த தீசிஸுக்கு இதழ்களில் கிராக்கி கம்மி, மாணவருக்கும் அதற்கு மேல் அதைத் துரத்தத் தெம்பு இருக்காது. வித்தியாசம் இருந்தது என்று முடிந்தவை மட்டும் அச்சேறினால், அச்சேறியதை மட்டும் சேர்க்கும் மீளாய்வு தன்னையறியாமல் மருந்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

மாணவர் தீசிஸாவது அலுப்பில் முடங்குகிறது. கம்பெனிகள் தெரிந்தே முடக்கியதும் உண்டு. 2009 பன்றிக் காய்ச்சலின்போது உலகம் முழுக்க அரசாங்கங்கள் டாமிஃப்ளூவை வாங்கிக் குவித்தன. அந்த மருந்து நிமோனியா போன்ற சிக்கல்களைக் குறைக்கும் என்று சொன்ன கணக்கு பத்து ஆய்வுகளை நம்பியிருந்தது. அவற்றில் எட்டு வெளியாகவே இல்லை என்று ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கேய்ஜி ஹயாஷி சுட்டிக்காட்டினார். காக்ரேன் குழு வருடக்கணக்கில் கடிதம் எழுதி, மல்லுக்கட்டி, முழு அறிக்கைகளை வாங்கி 2014இல் முடிவை வெளியிட்டது: பெரியவர்களுக்குக் காய்ச்சல் தொல்லை 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. முக்கால் நாளுக்காகக் கோடிகோடியாகச் செலவு. இந்தியாவில் மருந்துச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்று 2009இல் கட்டாயமாக்கியது இப்படிப்பட்ட மறைப்புகளைத் தடுக்கத்தான். பதிவேட்டில் பெயர் இருந்து முடிவு வெளிவராத ஆய்வைக் கண்டால், மீளாய்வு செய்பவர் எங்கே அது என்று கேட்கலாம்.

டெங்கு காலத்தில் மதுரைத் தெருக்களில் பப்பாளி இலைச் சாறு ஓடுவதைப் பார்க்கலாம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையாகவும் கிடைக்கிறது. இதற்கும் ஆய்வுகள் உண்டு, அவற்றைச் சேர்த்த மீளாய்வுகளும் உண்டு. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை கொஞ்சம் சீக்கிரம் ஏறுவதாகச் சில சொல்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஆனால் டெங்குவில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போவது. தட்டணுவோ, காய்ச்சல் இறங்கிய சில நாளில் பெரும்பாலோருக்குத் தானாகவே ஏறும். சாறு குடித்தவர்களில் ரத்தக்கசிவு குறைந்ததா, அதிர்ச்சி நிலைக்குப் போனது குறைந்ததா, சாவு குறைந்ததா என்று ஆய்வுகள் அளக்காவிட்டால், அவற்றில் நூறைச் சேர்த்தாலும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. லேப் ரிப்போர்ட்டில் நம்பர் ஏறியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வருவது வேறு விஷயம்.

மதுரையே மொத்தச் சான்றின் நடுத்தூணாக நிற்கும் இடமும் ஒன்று உண்டு: கருவிழிப் புண். கதிர் அறுக்கும்போது நெல் சுணையோ கரும்புத் தோகையோ கண்ணில் பட்டுவிடும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். சில வீடுகளில் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். அதற்குள் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். கடைசியில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்கக் கணக்கைப் போல இது சுமார் பத்து மடங்கு. பூஞ்சைப் புண்ணுக்கு ஆய்வு செய்ய வேண்டுமானால் நோயாளிகள் இருக்கும் ஊருக்குத்தான் வர வேண்டும்.

நேட்டமைசின் பூஞ்சைப் புண்ணுக்கு விடும் பழைய சொட்டு மருந்து. குலுக்கி விட வேண்டிய வெள்ளைக் கலவை, கருவிழியின் ஆழத்துக்குள் சரியாக இறங்காது என்று பெயர். வோரிகொனசோல் புதியது, நன்றாக ஊடுருவும். புதியதுதான் ஜெயிக்கும் என்று பலர் நினைத்தார்கள். அரவிந்த் மருத்துவமனைகளும் சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 2013இல் முடிவைச் சொன்னார்கள். பழையது ஜெயித்தது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வந்தவர்களில், நேட்டமைசின் விட்டவர்கள் எழுத்துப் பலகையில் சராசரியாக நான்கு வரி கூடுதலாகப் படித்தார்கள். நான்கு வரி என்பது சாதாரண வித்தியாசம் இல்லை, தனியாக பஸ் ஏறிப் போவதற்கும் ஆள் துணை தேடுவதற்கும் உள்ள வித்தியாசம். 2015இல் புதுப்பித்த காக்ரேன் மீளாய்வும் நேட்டமைசின் பக்கமே நின்றது. அதில் சேர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தியாவில் நடந்தவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீளாய்வு என்ற பெயர் இருந்தாலும், சில கேள்விகளுக்கு உள்ளே இருப்பது ஒரு பெரிய ஆய்வும் சில சில்லறை ஆய்வுகளும்தான். பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு சொட்டும் விடலாமா என்ற கேள்வியும் அப்படி. பெரும்பாலும் அரவிந்தில், 500 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. மொத்தத்தில் வித்தியாசம் இல்லை என்றது. பிறகு வந்த மீளாய்வின் விடையும் கிட்டத்தட்ட அதுவே, ஏனென்றால் மற்றவை மிகச் சிறியவை. அப்படிப்பட்ட இடத்தில் ‘மீளாய்வே சொல்லிவிட்டது’ என்று அழுத்திச் சொல்வதைவிட, அந்த ஓர் ஆய்வை நேராக எடுத்துப் படிப்பது மேல்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. காக்ரேன் மீளாய்வுகளின் எளிய சுருக்கங்கள் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் உண்டு. அவற்றில் பல தமிழிலும் வந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வைரம் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எத்தனை ஆய்வுகள், எந்த நாடுகளில், என்ன பலனை அளந்தார்கள் என்று பாருங்கள். ‘பலன் இல்லை’ என்கிறதா, ‘பலன் உண்டா என்று சொல்லப் போதிய சான்று இல்லை’ என்கிறதா என்றும் பாருங்கள். செய்தித்தாள்கள் இரண்டாவதை முதலாவதாக்கித் தலைப்புப் போட்டுவிடும். கூடவே கடைசியாக எந்த மாதம் வரை தேடியிருக்கிறார்கள் என்பது சுருக்கத்திலேயே இருக்கும். 2010 மீளாய்வைப் படித்துவிட்டு நிறுத்தியவருக்கு வைட்டமின் ஏ இன்னமும் 24 சதவீதம்தான்.